லே போ ஊரின் பதினாறு கதிர் நட்சத்திரம்: ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் சின்னம் எங்கிருந்து வந்தது?

பிரான்சின் தென்கிழக்கே, ப்ரொவான்ஸ் பகுதியில், அல்பீய் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடரின் பாறை முகட்டில் லே போ-தெ-ப்ரொவான்ஸ் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் சில நூறு பேர். ஆண்டுதோறும் வந்து பார்ப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பாக்சைட் என்ற கனிமத்துக்குப் பெயர் தந்ததும் இந்த ஊர்தான். 1821-இல் பியேர் பெர்தியே என்ற புவியியலாளர் இதன் அருகில்தான் அதை அடையாளம் கண்டார். ஏற்காட்டு மலைகளில் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டும் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது.

ஊரின் கேடயச் சின்னம் மிக எளிமையானது. சிவப்புத் தளத்தில் ஒரே ஒரு வெள்ளி நட்சத்திரம், அதற்குப் பதினாறு கதிர்கள். வேறெதுவும் இல்லை. ஆனால் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீன் இது என்பது ஒரு விளக்கம். மொனாக்கோவின் பட்டத்து இளவரசர் ஜாக் ‘லே போவின் மார்க்கி’ என்ற பட்டத்தைத் தாங்குவதால், சின்னமும் மொனாக்கோ அரச குடும்பத்தினுடையதுதான் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிவப்பு என்றால் வீரம், வெள்ளி என்றால் தூய்மை என்று அகராதிபோல் பொருள் சொல்வோரும் உண்டு. இந்த மூன்றில் எதுவும் சின்னத்தின் தோற்றத்தை விளக்கவில்லை. ஏன் என்று அறிய, கேடயச் சின்னம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வாசகம், பிறகு படம்

ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவத் தொடங்கின. போர்க்களத்திலும் குதிரைப் போட்டிகளிலும் முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்த வீரர்களைத் தொலைவிலிருந்தே இனங்காண வேண்டியிருந்தது. அதனால் கேடயத்தில் பெரிய, எளிய உருவங்களை அடர்நிறங்களில் தீட்டினார்கள். விரைவிலேயே இந்த அடையாளங்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. ஆவணங்களில் இடும் மெழுகு முத்திரைகளிலும் அவை ஏறின. வாரிசுரிமையாக வருவதும், முத்திரையாகச் செல்லுபடியாவதும்தான் கேடயச் சின்னத்தை வெறும் அலங்காரத்திலிருந்து பிரிக்கின்றன.

அடுத்து, ஒரு சின்னத்தின் அதிகாரபூர்வ வடிவம் அதன் படம் அல்ல. அதை வர்ணிக்கும் ஒரு வாசகம். பிரெஞ்சு மரபில் இதற்கு ‘பிளாசோன்’ என்று பெயர். லே போவின் பிளாசோன் ‘தெ கோல் ஆ யுன் எத்வால் ஆ செஸ் ரே தர்ஜான்’ என்று ஒலிக்கும். சிவப்புத் தளம், அதில் பதினாறு கதிர்கள் கொண்ட வெள்ளி நட்சத்திரம் ஒன்று என்பதே பொருள். இந்த வாசகத்துக்கு இணங்கும் எல்லாப் படங்களும் ஒரே சின்னம்தான். சிவப்பு சற்றே அடர்ந்திருக்கலாம், வெளிறியிருக்கலாம். கதிர்கள் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம். கதிர்களின் எண்ணிக்கையையோ நிறங்களையோ மாற்றினால் மட்டும் அது வேறு சின்னமாகிவிடும்.

எந்த பிளாசோனையும் வாசிக்க இந்த வரிசை உதவும்:

1. முதலில் தளத்தின் நிறம். நிறங்களில் இரண்டு ‘உலோகங்கள்’ உண்டு: பொன் (ஓர்), வெள்ளி (அர்ஜான்). படத்தில் இவை பெரும்பாலும் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் வரும். மற்றவை ‘வண்ணங்கள்’: சிவப்பு (கோல்), நீலம் (அஸூர்), கறுப்பு (சாப்ல்), பச்சை (சினோப்ல்), அரிதாக ஊதா (பூர்ப்ர்).

2. அடுத்து தளத்தின்மேல் இருக்கும் முதன்மை உருவமும் அதன் எண்ணிக்கையும் நிறமும். உலோகத்தின்மேல் உலோகமோ வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக்கூடாது என்பது அடிப்படை விதி. சிவப்பின்மேல் வெள்ளி தொலைவிலிருந்தும் பளிச்சென்று தெரியும். சிவப்பின்மேல் நீலம் தெரியாது. லே போவின் நிறச்சேர்க்கைக்கு இந்த விதியே போதுமான காரணம்.

3. வலது, இடது என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படும். பார்ப்பவருக்கு அவை தலைகீழ். நடுவில் ஒரே உருவம் உள்ள லே போவில் இது சிக்கல் தராது. நான்காகப் பிரித்த சின்னங்களில் தொடக்கநிலை வாசகர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

4. கேடயத்துக்கு வெளியே இருப்பவை, அதாவது மேலே வைக்கும் கோட்டைமதில் வடிவக் கிரீடம், கீழே எழுதும் முழக்கம், பக்கத்து இலைக்கொத்து ஆகியவை, சின்னத்தின் உள்ளடக்கம் ஆகா. அவற்றை நீக்கினாலும் சின்னம் முழுமையாகவே இருக்கும்.

நிறங்களுக்கு வீரம், தூய்மை, விசுவாசம் என்று பொருள் சொல்லும் பட்டியல்கள் சின்னங்கள் தோன்றிப் பல தலைமுறைகள் கழித்து எழுதப்பட்டவை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. அவற்றை வைத்து 12ஆம் நூற்றாண்டுச் சின்னத்தை விளக்குவது காலத்தைத் தலைகீழாக்குவது. சிவப்புத் தளத்தைப் பாக்சைட்டின் செம்மண்ணோடு இணைக்கவும் ஆசை வரலாம். கோட்டை நிற்கும் பாறையோ வெளுத்த சுண்ணாம்புக்கல். பாக்சைட்டின் புகழ் 19ஆம் நூற்றாண்டுக்குரியது. சின்னம் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

நட்சத்திரமா, சூரியனா, வால்மீனா?

பிரெஞ்சு மரபில் ‘நட்சத்திரம்’ என்று மட்டும் சொன்னால் ஐந்து முனைகள் என்று கொள்ள வேண்டும். அதைவிடக் கூடுதல் இருந்தால் எண்ணிக்கையை வாசகத்தில் சொல்லியே ஆக வேண்டும். லே போவின் பிளாசோனில் ‘செஸ்’, அதாவது பதினாறு, என்ற சொல் வருவது இதனால்தான்.

இந்த நட்சத்திரத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடிய உருவங்கள் மூன்று. சூரியனுக்கும் வழக்கமாகப் பதினாறு கதிர்கள் உண்டு. ஆனால் அதன் நடுவில் மனித முகம் இருக்கும், கதிர்கள் நேராகவும் நெளிந்தும் மாறி மாறி வரும். குதிரைவீரர் குதிகாலில் அணியும் குதிமுள்ளின் சக்கரம் நட்சத்திரம் போலவே தெரியும், ஆனால் நடுவில் துளை இருக்கும். வால்மீனுக்கு ஒரு கதிர் மட்டும் நீண்டு வாலாக நெளியும். லே போ குடும்பத்தின் உருவத்தைச் சில பழைய நூல்கள் ‘வால்மீன்’ என்றே குறிப்பிடுகின்றன. பெத்லகேம் விண்மீன் கதையின் செல்வாக்கு அதில் தெரிகிறது. வரைந்த வடிவத்தில் வால் கிடையாது. எனவே நட்சத்திரம் என்பதே சரியான சொல்.

பல்தசாரின் கதை

இந்தச் சின்னத்தை முதலில் தாங்கியது ஊர் அல்ல, ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட போ பிரபுக்கள். 12ஆம் நூற்றாண்டில் ப்ரொவான்சின் மிக வலுவான குடும்பங்களில் ஒன்று அது. ப்ரொவான்ஸ் யாருக்கு என்ற வாரிசுச் சண்டையில் பார்சலோனா கோமகன்களோடு 1144 முதல் 1162 வரை அவர்கள் மோதினார்கள், தோற்றார்கள். ஆனாலும் அழிந்துவிடவில்லை.

மூன்று ஞானிகளில் ஒருவரான பல்தசாரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று இக்குடும்பம் சொல்லிக்கொண்டது. அவர்களுடைய போர் முழக்கமும் அதையே சொல்லும்: ‘அ லஸார், பவ்தெஸார்’. நடப்பது நடக்கட்டும், பல்தசாரே என்று இதைத் தமிழில் சொல்லலாம். நட்சத்திரம், பல்தசார், போ என்ற பெயரின் ஓசை மூன்றும் கச்சிதமாகப் பொருந்துவதால் கதை இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கதையைச் சோதித்துப் பார்க்க இரண்டு செய்திகள் போதும். முதலாவது, ஞானிகளைப் பற்றிச் சொல்லும் மத்தேயு நற்செய்தியில் அவர்கள் எத்தனை பேர் என்பதும் இல்லை, பெயர்களும் இல்லை. பல்தசார், மெல்கியோர், காஸ்பர் என்ற பெயர்களை இத்தாலியின் ராவென்னாவில் உள்ள 6ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மொசைக் சித்திரத்தில்தான் பார்க்கிறோம். இடைக்காலத்தில் வழங்கிய ஒரு பெயரைக் கொண்டு முதல் நூற்றாண்டு மூதாதையை நிறுவ முடியாது. இரண்டாவது, ஞானிகளின் எலும்புகள் என்று நம்பப்பட்டவை 1164-இல் மிலானிலிருந்து கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதையொட்டி மூன்று அரசர்கள் மீதான பக்தி மேற்கு ஐரோப்பா முழுவதும் பெருகியது. பிரபுக் குடும்பங்கள் சின்னங்களைத் தேர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அப்படிப்பட்ட சூழலில், கேடயத்தில் ஏற்கெனவே நட்சத்திரம் வைத்திருந்த குடும்பத்துக்கு ஓர் ஞானியை மூதாதையாக்கிக்கொள்வது மிக இயல்பாக வந்திருக்கும்.

சின்னம் முதலில், கதை பிறகு என்ற இந்த வரிசையைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். மோன்மொரான்சி குடும்பத்தின் சின்னத்தில் பதினாறு சிறு கழுகுகள் உண்டு. 1214-இல் புவீன் போரில் பன்னிரண்டு கொடிகளைக் கைப்பற்றியதால் முன்பிருந்த நான்கு கழுகுகள் பதினாறாயின என்பது அவர்கள் கதை. கழுகுகளை விளக்கப் போர் வந்து வாய்த்தது, நட்சத்திரத்தை விளக்க பல்தசார் வாய்த்தார்.

கதை பொய் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. போ குடும்பம் தன்னை எப்படிப் பார்த்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பார்சலோனாவிடம் தோற்றவர்கள், ப்ரொவான்ஸ் கோமகன்களைவிடத் தொன்மையான பரம்பரை தங்களுக்கு உண்டு என்று உலகுக்குச் சொன்னார்கள். சின்னத்தின் தோற்றத்துக்கு மட்டும் அதைக் காரணம் காட்டக்கூடாது.

நட்சத்திரமும் ஊதுகொம்பும்: குடும்பச் சின்னம் வேறு, நிலச் சின்னம் வேறு

லே போவின் சின்னத்தைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது அக்குடும்பம் தாங்கிய இன்னொரு சின்னம். போ குடும்பத்தின் ஒரு கிளை 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், திபூர்ஜ் என்ற வாரிசுப் பெண்ணை மணந்ததன் வழியாக, ஓரான்ஜ் சிற்றரசைப் பெற்றது. ஓரான்ஜ் நிலத்துக்கென்று தனி அடையாளம் உண்டு: பொன் தளத்தில் நீல ஊதுகொம்பு. சார்லமேன் பேரரசரின் உறவினரான கியோம் என்ற வீரரின் பட்டப்பெயரில் கொம்பைக் குறிக்கும் சொல் ஒலித்ததால், பெயரை உருவமாக்கிய சின்னம் இது என்று விளக்குவார்கள்.

இந்தக் கிளையின் கேடயம் நான்காகப் பிரிக்கப்பட்டது. இரண்டு கட்டங்களில் நட்சத்திரம், இரண்டு கட்டங்களில் கொம்பு. பிறப்பால் நாங்கள் போ குடும்பத்தார் என்றது நட்சத்திரம், ஆளும் நிலம் ஓரான்ஜ் என்றது கொம்பு. அதற்குப் பின் நடந்தது இந்த வேறுபாட்டை அப்பட்டமாகக் காட்டுகிறது. 1386-இல் மரி தெ போ, ஷலோன் குடும்பத்தவர் ஒருவரை மணந்தார். அதன் வழியாக ஓரான்ஜ் ஷலோன் குடும்பத்துக்குப் போனது. 1530-இல் நசாவ் குடும்பத்துக்கும், 1544-இல் நெதர்லாந்து விடுதலைப் போரை நடத்திய வில்லியமுக்கும் போனது. நிலத்தோடு சேர்ந்து கொம்பு கைமாறி, நெதர்லாந்தின் ஓரான்ஜ்-நசாவ் குடும்பத்தின் கேடயத்திலும் ஏறியது. நட்சத்திரம் அப்படிப் போகவில்லை. அது குடும்பத்துக்குரியது.

நட்சத்திரம் போனது ரத்த உறவு போன வழியில். 13ஆம் நூற்றாண்டில் அஞ்சு குடும்பத்துச் சார்லஸ் நேப்பிள்ஸ் அரசைக் கைப்பற்றியபோது, அவரோடு சென்ற போ குடும்பத்தினர் தென்னித்தாலியில் தெல் பால்சோ என்ற பெயரில் வேரூன்றினார்கள், ஆந்திரியாவின் கோமகன்கள் ஆனார்கள். அப்பகுதியில் பதினாறு கதிர் நட்சத்திரத்தைக் காண்பவர்கள் அதை லே போவுக்கும் அந்த ஊருக்கும் இருந்த அரசியல் உறவு என்று எண்ணிவிடக்கூடாது. அது பரம்பரையின் தடயம்.

பிரபுக்கள் போன பிறகும் நட்சத்திரம் நின்றது

லே போவில் இதற்கு நேர்மாறானது நடந்தது. குடும்பத்தின் சின்னம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊர் யார் யார் கைக்குப் போனது என்று வரிசையாகப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

1. 1426: ஊரை ஆண்ட கடைசிப் பிரபுப் பெண்மணி அலிக்ஸ் தெ போ வாரிசின்றி இறந்தார். ஊர் ப்ரொவான்ஸ் கோமகன்களிடம் சென்றது.

2. 1481: ப்ரொவான்சே பிரெஞ்சு முடியாட்சிக்குப் போனது. கலகம் செய்யக்கூடிய கோட்டையை வைத்திருக்க விரும்பாத பதினோராம் லூயி 1483-இல் அதை இடிக்கவைத்தார்.

3. 1528: முதலாம் பிரான்சுவா இந்தப் பிரபுப்பகுதியை ஆன் தெ மோன்மொரான்சிக்குக் கொடுத்தார். மேலே சொன்ன பதினாறு கழுகுகளின் குடும்பம்தான்.

4. பிறகு மான்வீல் குடும்பம் ஊரில் செல்வாக்குப் பெற்றது. 1571-இல் அவர்கள் கட்டிய மாளிகையில்தான் இன்று ஊராட்சி அலுவலகம் இயங்குகிறது.

5. 1630-களில் கலகம் ஒன்றையடுத்து, மன்னரின் தலைமை அமைச்சர் ரிஷெலியூ காலத்தில் கோட்டை மறுபடியும் தகர்க்கப்பட்டது.

6. மொனாக்கோவின் இரண்டாம் ஒனோரே 1641-இல் பெரோன் உடன்படிக்கை வழியாக ஸ்பெயினை விட்டு பிரான்சின் பக்கம் வந்தார். அதற்கு ஈடாகப் பதின்மூன்றாம் லூயி கொடுத்த நிலங்களில் லே போவும் ஒன்று. இப்படித்தான் மொனாக்கோவை ஆளும் கிரிமால்டி குடும்பத்துக்கு ‘லே போவின் மார்க்கி’ பட்டம் வந்தது. நிலவுரிமை பிரெஞ்சுப் புரட்சியோடு போயிற்று. பட்டத்தை மட்டும் குடும்பம் இன்றும் வழங்கிவருகிறது.

பிரெஞ்சு மன்னர்களின் அல்லிப் பூவோ, மோன்மொரான்சியின் கழுகுகளோ, கிரிமால்டியின் சாய்கட்டங்களோ ஊரின் சின்னம் ஆகவில்லை. 1426-இல் ஊரில் முடிந்துபோன குடும்பத்தின் நட்சத்திரமே ஊருடையதாக நிற்கிறது. அதைத் தாங்க ஊரில் ஆள் இல்லாமல் போனதே அதை ஊர் எடுத்துக்கொள்ள வழிவிட்டது என்பது என் கருத்து. வாழும் குடும்பத்தின் சின்னத்தைத் தாங்கினால் ஊர் அவர்களுக்கு அடங்கியது என்று பொருள்படும். மறைந்த குடும்பத்தின் சின்னமோ ஊரின் வரலாறாக மட்டும் நிற்கும்.

மொனாக்கோவோடு வரும் குழப்பத்துக்கு நிறமும் ஒரு காரணம். கிரிமால்டி சின்னமும் வெள்ளியும் சிவப்பும்தான். ஆனால் அது கேடயம் முழுவதும் நிறைந்த சாய்சதுரங்கள். நட்சத்திரத்துக்கும் அதற்கும் உறவு இல்லை. மொத்தமே ஏழெட்டு நிறங்களும், உலோகம்–வண்ணம் விதியும் இருக்கும்போது, நிறச்சேர்க்கை ஒத்துப்போவது சாதாரணம்.

எல்லாக் கிராமங்களுக்கும் இப்படியா?

இல்லை. பிரெஞ்சுக் கிராமங்களில் பிரபுவின் சின்னத்தைத் தழுவியவை பல. துறவி மடத்தின் அடையாளத்தையோ ஊர்க் காவல் புனிதரையோ கொண்டவை பல. இன்னொரு பெருங்கூட்டம் வரி வசூலிலிருந்து வந்தது. பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக 1696 நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். சின்னம் தாங்குவோர் எல்லாரும் அதைப் பதிந்து கட்டணம் செலுத்த வேண்டும். தனிநபருக்கு அது 20 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). ஷார்ல் தொசியே பொறுப்பில் ஏறத்தாழ 1,20,000 சின்னங்கள் பதிவாயின. சின்னம் இல்லாதவர்களுக்கும் பதிய வராதவர்களுக்கும் அலுவலர்களே ஒன்றை ஒதுக்கிக் கட்டணத்தைக் கேட்டார்கள். லாங்டோக் பகுதியில் அடுத்தடுத்த கிராமங்களின் சின்னங்களில் ஒரே சாய்சதுரப் பட்டை நிறம் மட்டும் மாறி மாறி வருவது இதன் விளைவு. அத்தகைய சின்னத்தில் ஆழ்ந்த பொருள் தேடுவது வீண்.

1790 ஜூனில் புரட்சி அரசு பிரபுப் பட்டங்களோடு கேடயச் சின்னங்களையும் ஒழித்தது. 1809-இல் நெப்போலியன் நகரங்களுக்கு அவற்றை மீண்டும் அனுமதித்தார். 1814-இல் திரும்பிய மன்னராட்சி பழைய சின்னங்களை ஏற்றது. 1884 ஏப்ரல் 5-ஆம் தேதி உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு முடிவு ஊராட்சி மன்றத்தின் கையில். மன்றம் தீர்மானம் போட்டால் போதும். ஆவணக் காப்பகங்களும் சின்னக் குழுக்களும் தரும் கருத்து ஆலோசனை மட்டுமே. அதனால் ஒரு கிராமத்தின் இப்போதைய சின்னம் எட்டு நூற்றாண்டுப் பழையதாகவும் இருக்கலாம், சில ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்ததாகவும் இருக்கலாம். படம் அதைச் சொல்லாது. மன்றத் தீர்மானத்தையும் பழைய முத்திரைகளையும் தேடித்தான் அறிய வேண்டும்.

வரைவதில் வரும் பிழைகள்

லே போவின் சின்னம் எளிமையானது என்பதாலேயே தவறாக வரையப்படுகிறது.

1. கதிர் எண்ணிக்கை: கணினியில் ஆயத்த நட்சத்திரத்தை எடுத்தால் எட்டோ பன்னிரண்டோ வந்துவிடும். பதினாறு வேண்டுமென்றால் வட்டத்தை நான்கு முறை பாதியாகப் பகுக்க வேண்டும். ஒரு கதிருக்கும் அடுத்ததற்கும் இடையே 22.5 பாகை. ஒரு கதிர் நேர்மேலே நிற்க வேண்டும்.

2. கதிர் நீளம்: உள்வட்டம் பெரிதானால் நட்சத்திரம் பல்சக்கரம்போல் ஆகிவிடும். மிகச் சிறிதானால் கதிர்கள் ஊசிகளாகி, ரப்பர் முத்திரையில் மை படிந்து ஒட்டிக்கொள்ளும். உள்வட்ட ஆரம் வெளிவட்ட ஆரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தால் சிறிய அளவிலும் பதினாறும் எண்ணும்படி தெரியும்.

3. பொன் நிறம்: நட்சத்திரம் என்றாலே மஞ்சள் பூசும் பழக்கத்தால் வரும் தவறு. ஓவியர் வெள்ளியைச் சாம்பலாகத் தீட்டலாம், வெள்ளையாக விடலாம். மஞ்சளாக்கினால் வாசகமே மாறிவிடும்.

4. கேடய வடிவம்: இன்றைய பிரெஞ்சுக் கேடயம் அகலம் 7, உயரம் 8 என்ற விகிதத்தில் வரையப்படும். கேடய உருவம் வாசகத்தின் பகுதி அல்ல என்பதால் பழைய முக்கோணக் கேடயத்திலும் வரையலாம். அதில் கீழ்ப்பகுதி குறுகுவதால் நட்சத்திரத்தைச் சற்று மேலேற்ற வேண்டும்.

5. கல்லிலும் அச்சிலும் நிறம்: வண்ணம் இல்லாத இடத்தில் கோடுகளால் நிறத்தைக் காட்டும் முறை உண்டு. சில்வெஸ்த்ரோ பெத்ரா சாங்க்தா என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு 1638-இல் வெளியிட்ட நூல் இதை நிலைப்படுத்தியது. சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை. எனவே லே போவின் சின்னத்தில் தளம் முழுக்கச் செங்குத்துக் கோடுகளும் நட்சத்திரத்துக்குள் வெறுமையும் வர வேண்டும். இப்படிக் கோடு பொறித்த கல்லையோ முத்திரையையோ போ பிரபுக்கள் காலத்தது என்று யாராவது காட்டினால், அந்தக் கோடுகளே அது அலிக்ஸ் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு செய்யப்பட்டது என்று சொல்லிவிடும்.